வெட்டுவதற்கு முன் பித்தநாளத்தைப் படமெடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பித்தப்பைக் கற்களுக்குச் செய்யப்படும் நுண்துளை அறுவை சிகிச்சையைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு சிறு துளைகள், குறைந்த வலி, ஓரிரு நாளில் வீடு திரும்புதல் என்று அதில் சொல்லப்பட்டவை எல்லாம் உண்மையே. ஆனால் அந்த அறுவையின் நடுவே, எதையும் வெட்டுவதற்கு முன், பித்தநாளங்களை எக்ஸ்-ரே படமாக எடுத்துப் பார்க்கும் ஒரு வழிமுறை இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அறுவை அரங்கில் சி-ஆர்ம் என்னும் எக்ஸ்-ரே கருவியை இருபத்தாறு ஆண்டுகள் இயக்கி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த விடுபட்ட வரியை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கத்தி என் கையில் இருந்ததில்லை. ஆனால் கத்தி இறங்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்லும் படம் பலமுறை என் திரையில்தான் முதலில் தெரிந்தது.

பித்தப்பை தனியாகத் தொங்கும் பை அன்று. கல்லீரலில் ஊறும் பித்தம் வலது, இடது நாளங்கள் வழியாக இறங்கி ஒன்றுசேர்ந்து, ஒரே குழாயாக முன்சிறுகுடலுக்குப் போகிறது. இதைப் பொதுப் பித்தநாளம் என்பார்கள். அந்தக் குழாயின் பக்கவாட்டில் ஒரு சிறு கிளை வழியாகப் பித்தப்பை இணைந்திருக்கிறது. அறுவையில் வெட்ட வேண்டியது அந்தச் சிறு கிளையையும், பித்தப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியையும் மட்டுமே. பித்தப்பை இல்லாமல் மனிதர் நன்றாக வாழலாம். பொதுப் பித்தநாளம் அப்படிப்பட்டது அன்று. அது அறுபட்டால் கல்லீரலிலிருந்து பித்தம் குடலுக்குப் போக வழி இருக்காது. இந்த இரண்டு குழாய்களுக்கும் இடையே உள்ள தூரம் பலருக்கு விரல் அகலம்கூட இருப்பதில்லை. அழற்சி கண்ட பித்தப்பையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, கொழுப்பும் வீக்கமும் மூடி, அறுவை நிபுணர் பார்க்கும் கேமராத் திரையில் ஒன்றுபோலவே தெரியும். பித்தப்பையின் கழுத்தைப் பிடித்து மேலே இழுக்கும்போது பொதுநாளமும் கூடவே இழுபட்டு, பித்தப்பையின் நேர் தொடர்ச்சியைப் போல நின்றுவிடுவதும் உண்டு.

இங்கேதான் தவறு நேர்கிறது. அது கையின் தவறு அன்று, பெரும்பாலும் கண்ணின் தவறு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 252 பித்தநாளக் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், அவற்றில் 97 விழுக்காட்டுக்குக் காட்சி மயக்கமே முதற்காரணம் என்று கண்டார்கள். அறுவை நிபுணர் திறமையில்லாதவர் என்றோ, கவனமில்லாமல் வெட்டினார் என்றோ அதற்குப் பொருள் இல்லை. தாம் வெட்டுவது பித்தப்பையின் கிளைதான் என்று முழு மனத்தோடு நம்பி வெட்டியிருக்கிறார் என்பதே பொருள். அப்படி நம்புகிறவருக்கு ஐயம் எழாது. ஐயம் எழாதவர் 'சந்தேகம் வந்தால் மட்டும் படம் எடுப்போம்' என்ற விதியால் ஒருபோதும் காப்பாற்றப்பட மாட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடும் அழற்சியோடு வந்த நடுவயதுப் பெண் ஒருவருக்கு அறுவை நடந்துகொண்டிருந்தது. செய்தவர் நூற்றுக்கணக்கான பித்தப்பைகளை எடுத்த அனுபவசாலி. ஒவ்வொரு முறையும் படம் எடுத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். பித்தப்பையின் கிளை என்று அவர் பிரித்தெடுத்த குழாயின் மேல்முனையில் அதை அடைக்கும் உலோகக் கிளிப் போட்டு, கீழே சிறு கீறல் இட்டு, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார். ஈயக் கவசம் அணிந்து நான் கருவியை நோயாளியின் மேல் கொண்டுவந்து நிறுத்தினேன். எக்ஸ்-ரேயில் தெரியும் சாயம் அதன் வழியே உள்ளே போனது. கீழ்நோக்கி ஒரு குழாய் நிறைந்து, முன்சிறுகுடலில் சாயம் மடிப்பு மடிப்பாகப் பரவுவது தெளிவாகத் தெரிந்தது. மேலே ஒன்றும் இல்லை. கல்லீரலுக்குள் கிளை விரிய வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்த்துங்கள்" என்றார். தாழ்த்தினார்கள். மறுபடியும் சாயம் செலுத்தினார். மறுபடியும் கீழே மட்டும். அறையில் யாரும் பேசவில்லை. சில நொடிகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, "நாம் பொதுநாளத்துக்குள் இருக்கிறோம்" என்றார்.

அவர் போட்ட கிளிப் பொதுப் பித்தநாளத்தின் குறுக்கே இருந்தது. அதனால்தான் சாயம் மேலே ஏறவில்லை. இன்னும் ஒரு நிமிடம் கழித்திருந்தால், அதே இடத்தில் கத்தரிக்கோல் போயிருக்கும். அவர் வயிற்றைத் திறந்து, கிளிப்பை அகற்றி, தாம் இட்ட சிறு கீறலின் வழியே டி வடிவக் குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார். அந்தப் பெண்ணுக்கு நீண்ட தழும்பு விழுந்தது. சில வாரங்கள் குழாயோடு இருக்க நேர்ந்தது. அதன்பின் குழாய் எடுக்கப்பட்டு நலமாகச் சென்றார். அந்தப் படம் தவறைத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவறு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் அதை ஒரு கீறலோடு நிறுத்தியது. நாளத்தில் சிறு துளை விழுவதற்கும், நாளத்தின் ஒரு துண்டே அறுத்து எடுக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு, சில வாரச் சங்கடத்துக்கும் வாழ்நாள் நோய்க்கும் உள்ள வேறுபாடு.

மருத்துவமனைகளில் கொலாஞ்சியோகிராம் என்று சொல்லப்படும் இந்தப் படம் புதிய கண்டுபிடிப்பு அன்று. அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரைச் சேர்ந்த அறுவை நிபுணர் பாப்லோ மிரிசி 1931இல் இதைச் செய்து காட்டினார். பெர்லினில் கார்ல் லாங்கன்புக் 1882இல் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்த காலம் அது. மிரிசியின் நோக்கம் நாளத்தில் தங்கிவிட்ட கற்களைக் கண்டுபிடிப்பது. நுண்துளை முறை வந்தது அதற்கும் நெடுநாள் கழித்து: ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே 1985 செப்டம்பர் 12 அன்று செய்தார், 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்த பிறகு அது உலகெங்கும் பரவியது. திறந்த அறுவையில் விரலால் தொட்டு உணர்ந்து பார்க்கும் வசதி இருந்தது. நுண்துளை முறையில் அது போய்விட்டது. ஆழம் தெரியாத தட்டையான திரையே கண் ஆனது. திறந்த அறுவையின் காலத்தில் ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு நேர்ந்த பித்தநாளக் காயம், நுண்துளை முறையில் ஆயிரத்தில் மூவர் முதல் அறுவர் வரை நேர்வதாகப் பல ஆய்வுகள் சொல்லின. தொடுஉணர்வை இழந்த காலத்தில்தான் படம் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. நடந்ததோ நேர்மாறு: அறுவையின் வேகம் கூடக் கூட, படம் எடுக்கும் பழக்கம் பல இடங்களில் தேய்ந்தது.

படத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. முதலில், செலுத்திய சாயம் பித்தப்பையின் மெல்லிய கிளை வழியே போய்ப் பொதுநாளத்தைத் தொடுகிறதா, எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்ப்பார்கள். சிலருக்கு அந்தக் கிளை உடனே சேராமல் பொதுநாளத்தோடு ஒட்டியபடியே நெடுந்தூரம் இறங்கிக் கீழே போய்ச் சேரும். சிலருக்கு அதன் பின்புறமாகச் சுற்றி இடப்பக்கம் சேரும். அடுத்து, சாயம் தடையின்றி முன்சிறுகுடலில் இறங்குகிறதா என்பது. பிறகு மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளைப் போல வலது, இடது நாளங்களும் அவற்றின் உட்பிரிவுகளும் நிறைய வேண்டும். இதில் வலப்புறத்தின் பின்பகுதிக்கு உரிய கிளையைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்று நல்ல நிபுணர்கள் வற்புறுத்துவார்கள். ஏனெனில் அந்த ஒரு கிளை சிலருக்கு வழி மாறித் தாழ்வாக வந்து, பித்தப்பையின் கிளையிலேயே சேர்ந்துவிடும்; அறியாமல் கிளிப் போட்டால் கல்லீரலின் ஒரு பகுதிக்கு வழி அடைபடும். படத்தில் அது இல்லாமல் இருந்தால், 'தெரியவில்லை' என்று விட்டுவிடாமல் ஏன் தெரியவில்லை என்று கேட்க வேண்டும்.

கடைசியாகக் கற்கள். சாயத்தின் நடுவே ஒளி வேறுபட்ட சிறு வட்டம் தெரிந்தால் அது கல்லாகவும் இருக்கலாம், காற்றுக்குமிழாகவும் இருக்கலாம். மேசையைச் சாய்த்தால் குமிழி வட்டமாகவே நின்று மேல்நோக்கி நகரும். கல் கோணலான விளிம்போடு கீழே தங்கும், அல்லது அசையவே அசையாது. கதீட்டரில் சலைனை நிரப்பிக் காற்றை முழுவதும் வெளியேற்றாமல் செலுத்திவிட்டு, வந்த குமிழியைக் கல் என்று அஞ்சிய நாள்களும் உண்டு. அந்தக் கதீட்டரை நிரப்பித் தரும் செவிலியரின் பொறுமை, படத்தின் தெளிவில் பாதி. பித்தப்பைக் கற்களுக்காக அறுவைக்கு வருகிறவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குப் பொதுநாளத்திலும் கல் இருக்கும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. சிறு கற்கள் பல தாமாகவே குடலுக்குப் போய்விடும். போகாதவை பிறகு மஞ்சள்காமாலையாகவும், நாளத்தில் சீழ்த்தொற்றாகவும், கணைய அழற்சியாகவும் தலைகாட்டும். அறுவை மேசையிலேயே கண்டுவிட்டால் அங்கேயே எடுக்கலாம், அல்லது எண்டோஸ்கோப்பி வழியாகப் பின்னர் எடுக்கத் திட்டமிடலாம். இரண்டில் எதுவானாலும், நோயாளி நள்ளிரவில் காய்ச்சலோடு திரும்பி வருவதைவிட நல்லது.

இப்போது எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது மருத்துவ உலகில் முடிந்துபோன விவாதம் அன்று. அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் காப்பீட்டின் பதிவுகளிலிருந்து 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பித்தப்பை அறுவைகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், படம் எடுத்த அறுவைகளில் நாளக் காயம் 0.39 விழுக்காடாகவும், எடுக்காதவற்றில் 0.58 விழுக்காடாகவும் இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2013இல், டெக்சாஸ் மாநிலத்தில் 92,932 பேரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மேலோட்டமாகப் பார்த்தால் 0.21, 0.36 என்று அதே வேறுபாடு தெரிந்தாலும், கணக்கில் வராத பிற காரணங்களையும் ஈடுசெய்யும் புள்ளியியல் முறையால் பார்த்தால் அந்த வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை என்று எழுதினார்கள். நாடு முழுவதும் பித்தப்பை அறுவைகளைப் பதிவேட்டில் குறித்துவரும் ஸ்வீடனில் வெளியான ஆய்வுகள், கடும் அழற்சியோடு வருகிறவர்களுக்குப் படம் எடுக்கும் எண்ணத்தோடு அறுவை செய்வது காயத்தைக் குறைக்கிறது என்றும், அழற்சி இல்லாதவர்களுக்கு அந்தப் பலன் தெளிவாக இல்லை என்றும் காட்டின.

ஆக, ஒவ்வொருவருக்கும் படம் எடுத்தால் காயமே நேராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, நானும் செய்யவில்லை. ஆயிரத்தில் சிலருக்கே நிகழும் ஒன்றைச் சோதனை ஆய்வால் நிறுவப் பல்லாயிரம் பேர் தேவைப்படுவார்கள் என்பதும் இந்த விவாதம் நீள்வதற்கு ஒரு காரணம். படம் எடுத்தும் தவறாகப் படிக்கப்பட்ட நேர்வுகளும் பதிவாகியுள்ளன. மேல்நாளங்கள் நிறையவில்லை என்பதைப் பார்த்தும், 'சாயம் கீழே வழிந்துவிட்டது' என்று சமாதானம் செய்துகொண்டு வெட்டியவர்கள் உண்டு. படிக்கப்படாத படம் எடுக்கப்படாத படத்துக்கு நிகர். ஆனால் அந்தக் குறைக்கு மருந்து படத்தைக் கைவிடுவது அன்று, படிக்கப் பழகுவது.

பழக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது இருக்கும் அரங்கிலும் இல்லாத அரங்கிலும் நின்றிருக்கிறேன். நாள்தோறும் படம் எடுக்கும் குழுவில், நோயாளி மயக்கமடைவதற்கு முன்பே சி-ஆர்ம் சரிபார்க்கப்பட்டிருக்கும். கதிர்கள் ஊடுருவக்கூடிய மேசை போடப்பட்டிருக்கும். சாயம் சலைனோடு கலந்து சிரிஞ்சில் தயாராக இருக்கும். அனைவரும் ஈயக் கவசத்தோடு நிற்பார்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் வேலை முடியும். 'தேவைப்பட்டால் எடுப்போம்' என்னும் குழுவில், தேவைப்படும் அந்த நாளில் கருவி பக்கத்து அரங்கில் எலும்பு முறிவு அறுவைக்குப் போயிருக்கும். மேசையின் இரும்புச் சட்டம் சரியாக நாளத்தின் மேல் நிழல் விழுத்தும். கதீட்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இளம் செவிலியருக்குத் தெரியாது. கடைசியாகக் கதீட்டர் போட்டு ஓராண்டு ஆன அறுவை நிபுணரின் கை, மெல்லிய நாளத்தின் வால்வு மடிப்புகளில் முட்டி நிற்கும். நாற்பது நிமிடம் கழிந்து, மயக்க மருந்து நிபுணர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும்போது, "சரி, விட்டுவிடுவோம்" என்ற சொல் வரும். மிகக் கடினமான நோயாளிக்கு மட்டும் ஒதுக்கி வைத்த கருவி, அந்த நோயாளிக்கே பயன்படாமல் போவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். எளிய அறுவைகளில் எடுக்கப்படும் படங்கள் அந்த நோயாளிகளுக்காக மட்டும் எடுக்கப்படுபவை அல்ல. கடினமான அறுவைக்குக் கையும் கண்ணும் தயாராக இருப்பதற்காகவும் எடுக்கப்படுபவை.

'பாதுகாப்பான பார்வை' என்று ஒன்று இருக்கிறதே, அதுவே போதாதா என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்க அறுவை நிபுணர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் விளக்கிய முறை அது. பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையே உள்ள முக்கோணத்தில் கொழுப்பையும் நாரையும் முழுவதும் நீக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரல் படுகையிலிருந்து பிரித்து, இரண்டே இரண்டு அமைப்புகள்தாம் பித்தப்பைக்குள் நுழைகின்றன என்று கண்ணால் கண்ட பிறகே எதையும் வெட்ட வேண்டும். மிகச் சிறந்த விதி. நான் கண்ட நல்ல நிபுணர்கள் அனைவரும் அதைப் பின்பற்றுகிறவர்களே. ஆனால் அந்தப் பார்வை கிடைக்காத பித்தப்பைகள்தாம் ஆபத்தானவை. அங்கே சில நேரம் படம் வழிகாட்டும், சில நேரம் பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் அகற்றிவிட்டு நிறுத்துவதோ வயிற்றைத் திறப்பதோ அறிவுடைமையாகும். பார்வையும் படமும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல.

கதிர்வீச்சு வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு வழிகளும் வந்துவிட்டன. இண்டோசயனின் பச்சை என்னும் சாயத்தை அறுவைக்கு முன்னதாக இரத்தக் குழாயில் செலுத்தினால், கல்லீரல் அதைப் பித்தத்தில் கலந்து வெளியேற்றும். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைக் காட்டும் சிறப்புக் கேமராவில் நாளங்கள் ஒளிர்ந்து தெரியும். நாளத்தில் கீறல் இடத் தேவையில்லை, எக்ஸ்-ரே இல்லை, பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கும் முன்பே பார்க்கலாம். 639 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், வெறும் வெள்ளொளியைவிட இந்த ஒளியில் நாளங்கள் கூடுதலாக அடையாளம் தெரிந்தன. என் தொழிலை அது ஓரளவு தேவையற்றதாக்கும் என்றாலும் நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழமே ஊடுருவும். தடித்து வீங்கிய அழற்சியில் மங்கிவிடும். நாளத்துக்குள் இருக்கும் கல்லை நம்பகமாகக் காட்டாது. நுண்துளை வழியாக நுழைக்கும் அல்ட்ராசவுண்டு கருவியும் உண்டு; கற்றுத் தேர்ந்தவர் கையில் அது நன்றாகவே வேலை செய்யும். அறுவைக்கு முன்பு எடுக்கப்படும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் கற்களையும் நாளங்களின் அமைப்பையும் காட்டும். ஆனால் அறுவை நிபுணர் இந்த நிமிடத்தில் பிடித்திருப்பது எந்தக் குழாய் என்பதை அது சொல்லாது.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் குறிப்பிட வேண்டும். அயோடின் கலந்த சாயத்துக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் தங்கள் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டியவர்கள். பித்தப்பையின் கிளை மிகக் குறுகியிருந்தால் கதீட்டர் நுழையாது. வலிந்து நுழைப்பதே காயமாகிவிடும்.

இன்னொரு நோயாளியைப் பற்றியும் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. இளைஞர். எளிய அறுவை என்றுதான் பட்டியலில் எழுதியிருந்தது. நான் பணியாற்றிய இடத்தில்தான் நடந்தது. அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அன்று படம் எடுக்கப்படவில்லை. நான்காம் நாள் அவருடைய கண்கள் மஞ்சளாயின. எண்டோஸ்கோப்பி வழியாகக் கீழிருந்து சாயம் செலுத்தும் இ.ஆர்.சி.பி. சோதனைக்கு அவரை அழைத்து வந்தபோது கருவியை இயக்கியவன் நான். சாயம் பொதுநாளத்தில் ஏறத் தொடங்கி, பாதி வழியில், வரிசையாகக் கிடந்த உலோகக் கிளிப்புகளுக்கு அடியில் நின்றது. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. கோடு போட்டு நிறுத்தியதைப் போல அத்தனை நேராக நின்றது. அந்தப் படத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவரைச் சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சிறுகுடலின் ஒரு வளைவை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு தைத்தார்கள். அப்படித் தைத்த இணைப்பு ஆண்டுகள் கழித்தும் சுருங்கக்கூடும் என்பதால், அவர் நெடுங்காலம் கண்காணிப்பில் இருக்க வேண்டியவரானார். அறுவை செய்தவர் நல்ல மனிதர். அதன்பின் பல நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படம் எடுத்திருந்தால் அந்த இளைஞர் கட்டாயம் தப்பியிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாயம் மேலே ஏறவில்லை என்பதை, நான்கு நாள் கழித்து அல்லாமல், வெட்டுவதற்கு முன்பே பார்க்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

தங்கள் கட்டுரையைப் படித்து அறுவைக்கு ஆயத்தமாகும் வாசகர்கள் மருத்துவரிடம் மரியாதையோடு சில கேள்விகளைக் கேட்கலாம். "அறுவையின்போது பித்தநாளப் படமோ, ஒளிரும் சாயமோ பயன்படுத்துவீர்களா? எல்லோருக்கும் செய்வீர்களா, சிலருக்கு மட்டுமா? நாளம் தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு, "நிறுத்திவிடுவேன்", "ஒரு பகுதியை மட்டும் எடுப்பேன்", "மூத்தவர் ஒருவரை அழைப்பேன்", "வயிற்றைத் திறப்பேன்" என்பவை எல்லாமே நல்ல விடைகள். துளை முறையாகத் தொடங்கிய அறுவை திறந்த அறுவையாக மாறினால் அதைத் தோல்வி என்று உறவினர்கள் குறைகூறக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். வெளியே காத்திருக்கும் குடும்பத்தின் முகம் சுளிக்குமே என்ற எண்ணம் அறுவை அரங்குக்குள்ளும் வந்து நிற்கிறது. அதை நான் கண்டிருக்கிறேன்.

மருத்துவமனை நிருவாகங்களிடம் ஒரு வேண்டுகோள். பித்தப்பை அறுவை நடக்கும் நேரத்துக்குச் சி-ஆர்ம் கருவியையும் அதை இயக்குபவரையும் அந்த அரங்குக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பயிற்சியிலுள்ள இளம் மருத்துவர்கள் எளிய அறுவைகளிலேயே கதீட்டர் போட்டுப் பழகட்டும். எடுத்த படத்தைத் திரையில் பார்த்துவிட்டு அழித்துவிடாமல், நாளங்கள் முழுவதும் தெரியும் ஒரு படத்தையாவது சேமித்து நோயாளியின் கோப்பில் சேர்த்துக் கையில் கொடுங்கள். பல ஆண்டு கழித்து அவருக்கு மீண்டும் வலி வந்தால், வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
அறுவை அரங்க எக்ஸ்-ரே தொழில்நுட்பர் (ஓய்வு)